நிப்பா, பிரஷ்ஷா, மைக்ரானா, டேப்லெட்டா? கோத்தகிரியில் 71 பக்கம் மை போட்ட பிறகு

இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். கூடலூரில் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை 24 பக்கக் கதை ஒன்றைப் பென்சிலில் முடித்து வைத்திருக்கிறாள். குன்னூரில் ஓவிய ஆசிரியராக இருக்கும் ஒருவர் மலை ரயிலைப் பற்றி நூறு பக்கத்துக்கு மேல் கதை எழுதி வைத்திருக்கிறார். ஊட்டியில் ஒரு தம்பி விளம்பர வேலைக்காக வாங்கிய டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தாளில் வரைந்தால்தான் காமிக்ஸா என்று தவிக்கிறான். மூவரும் கேட்டது ஒன்றுதான்: பென்சில் கோட்டின் மேல் எதில் மை போடுவது?

நான் 132 பக்கச் சித்திர நாவல் ஒன்றில் இப்போது 71ஆம் பக்கத்தில் நிற்கிறேன். என் அப்பாயியின் கதை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானதே, அதில் ஒருவர் அவர். அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாமில் காத்திருப்பு, அப்புறம் நீலகிரியில் டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைக் கழகத்தின் தேயிலைக் காடு. மை போட ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. அதற்குள் நிப், மைக்ரான் என்ற மெல்லிய நுனிப் பேனா, டேப்லெட், பிரஷ் என்று நாலையும் பயன்படுத்தியாயிற்று. ஆசைக்காக மாற்றவில்லை, பருவம் மாற மாற ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கைவிட்டது. பிப்ரவரி முதல் மே வரை நிப்பில் 22 பக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மைக்ரானில் 17. ஐப்பசி கார்த்திகை மழையில் நண்பரின் டேப்லெட்டில் 12. மார்கழியிலிருந்து பிரஷ்ஷில் 20.

முதலில், எதை வைத்து முடிவு செய்வது

கடையிலோ வீடியோவிலோ ஒரு கருவியைப் பார்க்கும்போது நாம் பார்ப்பது அதன் மிக அழகான ஒரு கோட்டை. நீண்ட கதைக்கு அது போதாது. 1ஆம் பக்கத்தில் அப்பாயியின் முகத்துக்கு என்ன கோடு போட்டேனோ அதே கோடு 130ஆம் பக்கத்திலும் வர வேண்டும், இடையில் நிப் தேய்ந்திருக்கும், கடையில் சரக்கு இருக்காது, கை வலிக்கும், நான்கு நாள் கரண்ட் போயிருக்கும். அதனால் என் முதல் அளவுகோல்: நூறாவது பக்கத்திலும் இதே கோட்டை இதே மாதிரி போட முடியுமா?

இரண்டாவது, ஈரம். இதைச் சமவெளியில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை, நாம் யோசித்தே ஆக வேண்டும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. தாள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் விரியும், விரிந்தால் அலை அலையாக நெளியும். தாளின் மேல் மை பரவாமல் இருக்க ஒரு பசைப்பூச்சு கொடுத்திருப்பார்கள், ஈரத்தில் அந்தப் பூச்சு இளகிவிட்டால் கோட்டின் ஓரத்தில் வேர் விட்ட மாதிரி மை பிரியும். மையும் சீக்கிரம் காயாது. நாம் பயன்படுத்தும் வாட்டர்புரூஃப் டிராயிங் இங்க் என்பது பெரும்பாலும் கரித்தூளும் அரக்கும் சேர்ந்தது. கரி மங்காது, அரக்கு காய்ந்தால் தண்ணீரில் கரையாது. ஆனால் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் நாளில் அடர்த்தியாக நிரப்பிய கறுப்பு முக்கால் மணி நேரம் கழித்தும் பளபளவென்று ஈரமாகவே இருக்கும். அதன் மேல் கைவிளிம்பு பட்டால் அந்தப் பேனல், அதாவது பக்கத்தின் அந்தச் சித்திரக் கட்டம், போச்சு.

மூன்றாவது, அச்சில் சுருங்குவது. ஏ3 தாளில் வரைந்து ஏ4 அளவில் அச்சடித்தால் 71 சதவீதம், ஏ5 அளவில் அடித்தால் சரிபாதி. 0.2 மில்லிமீட்டர் கோடு பாதியானால் 0.1 மில்லிமீட்டர், அது அச்சில் நிற்பதே கஷ்டம். நெருக்கமாகப் போட்ட கோடுகளுக்கு இடையிலுள்ள வெள்ளையும் பாதியாகும், மட்டமான தாளில் மை கொஞ்சம் பரவும்போது அந்த வெள்ளை அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பாகிவிடும். 1972ல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984ல் வந்த லயன் என்று படித்து வளர்ந்தவர்கள் வீட்டில் ஒரு பழைய இதழாவது இருக்கும். அதை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், எந்தக் கோடு தாங்கியிருக்கிறது, எது அடைந்துபோயிருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் மற்றவை: தப்பு செய்தால் திருத்த முடியுமா, தீர்ந்துபோனால் எங்கே கிடைக்கும், ஒரு பக்கத்துக்கு மொத்தமாக என்ன செலவு. இவை ஒவ்வொன்றையும் கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நிப்பும் மைப்புட்டியும்

நான் ஆரம்பித்தது இதில்தான். ஜி நிப் என்று சொல்கிற ஜப்பானிய நிப், மரக்கைப்பிடி, ஒரு புட்டி கேம்லின் டிராயிங் இங்க், பிரிஸ்டல் போர்டு என்ற வழவழப்பான கனத்த தாள்.

அழுத்தினால் நிப்பின் இரண்டு நாக்கும் விரியும், கோடு தடிக்கும். அழுத்தத்தை விட்டால் முடி மாதிரி மெலியும். கொழுந்து பறிக்கும் விரல், கூடையின் பின்னல், வயதான முகத்தின் சுருக்கம், இதற்கெல்லாம் நிப்பை மிஞ்ச எதுவும் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் காற்று காய்ந்திருக்கும்போது நிப்பில் வேலை செய்வது அவ்வளவு சுகம்.

ஆனால் புது நிப்பில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அதைத் துடைக்காமல் தொட்டால் மை நிப்பில் நிற்காமல் உருண்டு சொட்டும். நான் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவேன். அந்த எண்ணெய் போன பிறகு நம் ஊர்க் காற்றில் துரு சீக்கிரம் ஏறும், ஒரு ராத்திரி கழுவித் துடைக்காமல் ஜன்னலோரம் வைத்தாலே காலையில் பழுப்பு தெரியும். மேல்நோக்கித் தள்ளிக் கோடு போட முடியாது, தாளின் நார் மாட்டிக்கொண்டு சிதறும். அதனால் தாளைத்தான் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும், ஏ3 தாளுக்கு மேசை பெரிதாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை தேய்மானம். எனக்கு ஒரு நிப் மூன்று நான்கு பக்கம் வரும். தேயத் தேய மெல்லிய கோடு மெல்லமாகத் தடித்துக்கொண்டே போகும், வரைகிறவருக்கு அது தெரியாது. ஒரு பக்கத்தின் நடுவில் புது நிப் மாற்றினால் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் இரண்டு பேர் வரைந்த மாதிரி இருக்கும். இப்போதெல்லாம் பக்கம் தொடங்கும்போது மட்டும்தான் மாற்றுவது என்று வைத்திருக்கிறேன்.

கிடைக்குமா என்றால், ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலும் கோத்தகிரி பஜாரிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன். "நிப்பெல்லாம் இப்ப யாரு தம்பி கேக்குறா" என்றுதான் பதில். பள்ளிப் பிள்ளைகள் அழகெழுத்துக்கு வாங்கும் நிப் செட் கிடைக்கும், அது விரியாது, அதனால் நமக்கு உதவாது. ஆன்லைனில்தான் வாங்க வேண்டும், மழையில் பார்சல் தாமதமாகும் என்பதால் ஒரு டஜன் மொத்தமாக வாங்கி மூடியுள்ள டப்பாவில் வைத்துக்கொள்வது நல்லது. 22 பக்கத்துக்கு எனக்கு 6 நிப்பும் முக்கால் புட்டி மையும் ஆயின. பக்கத்துக்கு ஏறக்குறைய 30, 35 ரூபாய். ஆனால் ஜூன் முதல் வாரத்தில் நான்கு பக்கம் ஈரத்தில் வேர் விட்டு, மொத்தமாகத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. நான்கு நல்ல தாள், 11 நாள். அந்தச் செலவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எப்போது நிப் சரி: வறண்ட மாதங்களில் முடித்துவிடக்கூடிய சிறிய கதை. நுண்கோட்டு வேலைப்பாடு உங்கள் பாணியாக இருந்தால். மூல ஓவியத்தைச் சட்டமிட்டு வைக்கவோ விற்கவோ நினைத்தால்.

பிரஷ்

இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேசப் போகிறேன், ஏனென்றால் மிச்சமிருக்கும் 61 பக்கமும் இதில்தான்.

2ஆம் எண் அல்லது 3ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று போதும். நுனியால் இமைமுடி போடலாம், வயிற்றை அழுத்தினால் அதே பிரஷ்ஷால் ராத்திரி வானத்தை நிரப்பலாம். கப்பல் பக்கம் என்று நான் சொல்லும் 58ஆம் பக்கம், தலைமன்னார் துறையில் இருட்டில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஏறுகிற காட்சி. அதன் பென்சில் வடிவத்தின் ஒரு மூலையை நிப்பில் போட்டுப் பார்த்தேன், அந்த வேகத்தில் முழுப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகியிருக்கும். பிரஷ்ஷில் ஒரே மத்தியானத்தில் முடிந்தது, கறுப்பும் செத்துப்போன கறுப்பாக இல்லாமல் உயிரோடு இருந்தது.

மூடுபனிக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. பிரஷ்ஷை மையில் தொட்டு, துணியில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, மயிர் கொஞ்சம் பிரிந்த நிலையில் தாளில் இழுத்தால் கோடு உடைந்து உடைந்து வரும். சில்வர் ஓக் மரம் பனிக்குள் கரைவது, கம்பளி, பாறை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டுக் காரைச்சுவர் எல்லாம் அதில் தானாக வந்துவிடும். மேலும் இப்படி உலர்ந்த பிரஷ்ஷால் போட்ட கோடு ஈர நாளிலும் சீக்கிரம் காய்கிறது, தாளில் மை குறைவுதானே.

கஷ்டம் பழகுவதில். மூன்று மாதம் கோடு நடுங்கும். விரலால் வரைந்து பழகிய கை, தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும். நான் டேப்லெட்டில் வேலை செய்த இரண்டு மாதமும் தினம் அரை மணி நேரம் பழைய செய்தித்தாளில் பிரஷ் பழகினேன், அதனால்தான் மார்கழியில் தைரியமாக மாற முடிந்தது. பழகாமல் நேராகக் கதைப் பக்கத்தில் இறங்கினால் மனது விட்டுப்போகும். மார்கழி, தை மாதக் காலையில் விரல் விறைத்திருக்கும்போது பிரஷ்ஷைத் தொடவே தொடாதீர்கள், ஒரு டம்ளர் டீயைக் கையில் பிடித்துச் சூடேறின பிறகு ஆரம்பியுங்கள். அந்த நேரத்தில் பேனல் ஓரக் கோடு, வெள்ளை திருத்தம் மாதிரி சில்லறை வேலையை வைத்துக்கொள்ளலாம்.

விலை விஷயத்தில் ஒரு தகவல். எல்லோரும் சொல்லும் உயர்ந்த பிரஷ் கோலின்ஸ்கி எனப்படும், கீரி மாதிரி இருக்கும் ஒரு சிறு விலங்கின் வால் முடியில் செய்வது. அந்த விலங்கு இமயமலைப் பக்கத்திலும் வாழ்கிறது, அதைச் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் மூன்றாம் பட்டியலில் சேர்த்ததே இந்தியாதான். 2013 வாக்கில் அமெரிக்காவில் இந்த ஒப்பந்தத்துக்கான ஆவணங்களைக் காரணம் காட்டி பிரஷ் இறக்குமதி நின்றுபோன கதையும் உண்டு. விலை அதிகம், கிடைப்பது அரிது. நான் வாங்கவில்லை. சிந்தெடிக் பிரஷ் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும், வாட்டர்கலர் பிரஷ் என்று கேட்டாலே தருவார்கள். அதன் குறை, நுனி சீக்கிரம் கொக்கி மாதிரி வளைந்துவிடும். எனக்கு ஒரு சிந்தெடிக் பிரஷ் ஐந்தாறு பக்கம் வருகிறது. வளைந்ததைத் தூக்கி எறியாமல் கறுப்பு நிரப்பவும் பனி போடவும் வைத்திருக்கிறேன்.

மறைமுகச் செலவு, கழுவுவது. அரக்கு மை பிரஷ்ஷின் உலோகக் கழுத்துக்குள் போய்க் காய்ந்துவிட்டால் மயிர் விரிந்து நுனியே சேராது. பாதிக்கு மேல் மையில் முக்கக் கூடாது, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரில் அலச வேண்டும், முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவி நுனியைக் கூராக்கிப் படுக்க வைக்க வேண்டும். நுனி கீழே படும்படி டம்ளரில் நிற்க வைத்தால் ஒரே நாளில் பிரஷ் காலி.

எப்போது பிரஷ் சரி: நீண்ட கதை, நிறைய மனிதர்கள், இரவு, மழை, பனி. பழகுவதற்கு மூன்று மாதம் ஒதுக்க முடிந்தால். முடியாவிட்டால் வேண்டாம்.

பிரஷ் பென் பற்றிக் கேட்பீர்கள். கார்ட்ரிட்ஜ் போடும் பென்டெல் பாக்கெட் பிரஷ் என்னிடம் ஒன்று உண்டு, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஸ்கெட்ச் போட அருமை, பிரஷ் பழக நல்ல முதல் படி. கார்ட்ரிட்ஜை நம்பி நூறு பக்கம் ஆரம்பிக்க மாட்டேன், அவ்வளவுதான்.

மைக்ரான் மாதிரிப் பேனாக்கள்

ஜூன் மாதம் நிப் கைவிட்டபோது இதுதான் காப்பாற்றியது. பிக்மென்ட் மை, சீக்கிரம் காயும், தண்ணீர் பட்டாலும் ஓடாது, எந்தத் திசையிலும் இழுக்கலாம், புட்டி கவிழும் பயம் இல்லை. தென்மேற்குப் பருவமழையில் வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்க, போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தே வரைந்தேன்.

அளவுகளில் ஒரு குழப்பம் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். மூடியில் 005 என்று போட்டிருப்பது 0.20 மில்லிமீட்டர், 01 என்பது 0.25, 05 என்பது 0.45, 08 என்பது 0.50. ஏ5 புத்தகத்துக்காக ஏ3 தாளில் வரைகிறவர்கள் 005ஐத் தொடாமல் இருப்பதே நல்லது, நான் தொட்டேன், அந்த மயிரிழைக் கோடுகள் சோதனைப் பிரதியில் பாதி காணாமல் போயின.

இது மலிவு என்று எல்லோரும் நினைக்கிறோம். என் கணக்கைச் சொல்கிறேன். 17 பக்கத்துக்கு 14 பேனா. ஒன்று 160 ரூபாய் கணக்கில் பக்கத்துக்கு 130 ரூபாய்க்கு மேல், நிப்பை விட நான்கு மடங்கு. மை தீரும் முன்பே நுனி நசுங்கிவிடுகிறது, நான் அழுத்தி வரைகிறவன் என்பதால் இன்னும் சீக்கிரம். அடுத்தது, பென்சிலை அழிக்கும்போது கறுப்பு சாம்பலாக மங்கும். அழித்த பிறகு முக்கியமான கோடுகளை இன்னொரு தரம் போட வேண்டியிருந்தது, அதில் பக்கத்துக்கு ஒரு மணி நேரம். வெளிர்நீலப் பென்சிலில் வரைந்தால் அழிக்கவே வேண்டாம், ஸ்கேன் செய்யும்போது அந்த நீலத்தை எடுத்துவிடலாம், இதை நான் பதினோராவது பக்கத்தில்தான் யோசித்தேன்.

ஆனால் என்னை மாற வைத்தது கோடு. மைக்ரானில் அப்பாயியின் கன்னமும் கதவுச் சட்டமும் ஒரே தடிமனில் இருக்கும். கோடு தடித்து மெலிய வேண்டுமென்றால் இரண்டு தரம் மூன்று தரம் மேலே மேலே போட வேண்டும், அப்படிச் செய்யும்போது கோட்டின் வேகம் போய்விடுகிறது. கண்காட்சி ஓவியத்தில் இதைச் சரிக்கட்டலாம், ஒரு பக்கத்துக்கு ஆறு பேனல் வரும் கதையில் முடியவில்லை.

அதே தன்மைதான் வேறு இடத்தில் பலம். தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டும் தொட்டி, உருட்டும் இயந்திரம், தகரக் கூரை, பாலம், தண்டவாளம், ஸ்கேல் வைத்துப் போடும் எதுவானாலும் மைக்ரான்தான். குன்னூர் ஆசிரியருக்கு நான் சொன்னது இதுதான் சார்: கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல்சக்கரப் பாதை, மொத்தம் 16 குகை, 250 பாலம், இதையெல்லாம் நீங்கள் பிரஷ்ஷில் போட ஆரம்பித்தால் பல்லுக்குப் பல் மாறும். ரயிலுக்கு மைக்ரான் வையுங்கள், காட்டுக்கும் நீராவிக்கும் மட்டும் பிரஷ் எடுங்கள்.

எப்போது மைக்ரான் சரி: முதல் கதை, பயணத்தில் வரைவது, கட்டடமும் இயந்திரமும் நிறைந்த கதை, மழைக்காலம்.

டேப்லெட்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. கோத்தகிரிக்கு பெரிய மழை அப்போதுதான். தாளை எடுத்தாலே தொளதொளவென்று இருந்தது. நண்பர் அவருடைய டேப்லெட்டைக் கொடுத்தார், அதிலிருந்த கிளிப் ஸ்டுடியோ என்ற வரையும் மென்பொருளில் 12 பக்கம் போட்டேன்.

தப்பைத் திருப்பி எடுக்கலாம், மை காய வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், கறுப்பு நிரப்ப ஒரு தட்டு. நிப்பில் நான்கு நாளான வேலை இரண்டரை நாளில் முடிந்தது. வெக்டர் லேயரில் வரைந்தால் கோட்டைப் பிற்பாடு தடிக்கவும் வைக்கலாம். தேதி போட்டுக் கொடுக்க வேண்டிய வேலைக்கும், வண்ணத்தில் போனில் படிக்கும் கதைக்கும், இதை விட்டு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

சிக்கல், பெரிதாக்கிப் பார்க்கும் வசதியில் இருக்கிறது. முகத்தை 400 சதவீதம் பெரிதாக்கி இமையை ஒவ்வொன்றாகப் போடுவோம், அடுத்த பேனலில் 150 சதவீதத்தில் கூட்டத்தைப் போடுவோம். பக்கத்தை மொத்தமாகப் பார்த்தால் இரண்டின் கோடும் ஒட்டாது. எனக்கு அது 12 பக்கமும் முடிந்த பிறகு அச்செடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டேப்லெட்டில் போடுகிறவர்கள் ஒரே ஒரு அளவை முடிவு செய்து, அதிலிருந்து நகராமல் வேலை செய்யுங்கள். தினம் ஒரு பக்கத்தை நிஜ அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

இன்னொரு பக்கம் மின்சாரம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது நினைவிருக்கும். அவ்வளவு பெய்ய வேண்டியதில்லை, ஒரு மரம் ஒயர் மேல் விழுந்தால் போதும், எங்கள் பக்கம் இரண்டு நாள் இருட்டு. பவர் பேங்க் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். மறைமுகச் செலவுகள் என்று பார்த்தால் மென்பொருள் சந்தா, பேனா நுனி, திரையில் ஒட்டும் சொரசொரப்புத் தாள், அந்தத் தாளே நுனியைச் சீக்கிரம் தேய்ப்பது, கண்ணெரிச்சல், பெரிய கோப்புகளை மலையிலிருக்கும் இணைய வேகத்தில் ஏற்றிப் பாதுகாப்பது.

அப்புறம், எனக்கு முக்கியமாகப் பட்ட ஒன்று. முடித்த பக்கத்தை அப்பாயியிடம் காட்டினேன். தாளில் வரைந்ததை மடியில் வைத்து விரலால் தடவித் தடவி, "இது தொங்கல் வீடுல்ல, இந்தப் பக்கம் பீலி இருந்துச்சே" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனவர், திரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு நல்லா இருக்குப்பா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பீலியை, தண்ணீர் பிடிக்கும் குழாயை, நான் வரையாமல் விட்டிருந்தேன், தாள் அதைச் சொல்ல வைத்தது. 12 பக்கத்தில் 5ஐப் பிற்பாடு தாளில் திரும்பப் போட்டேன்.

எப்போது டேப்லெட் சரி: கையில் ஏற்கெனவே இருந்தால், வண்ணக் கதை என்றால், சம்பளத்துக்கு வரைகிற வேலை என்றால். ஊட்டித் தம்பிக்கு என் பதில் இதுதான்: இருப்பதில் தொடங்கு, அதுவும் காமிக்ஸ்தான்.

ஒரே பார்வையில்

| | நிப் | பிரஷ் | மைக்ரான் | டேப்லெட் |
|---|---|---|---|---|
| ஈர நாளில் | கைவிடும் | சமாளிக்கலாம் | நன்று | கரண்ட் இருந்தால் நன்று |
| பழக | ஒரு மாதம் | மூன்று மாதம் | உடனே | சில வாரம் |
| பக்கச் செலவு | குறைவு | மிகக் குறைவு | அதிகம் | முதலீடு பெரிது |
| மலையில் கிடைப்பது | ஆன்லைன் மட்டும் | எங்கும் | ஊட்டி, குன்னூரில் கிடைத்தது | ஆன்லைன், கோவை |
| திருத்தம் | வெள்ளை மை | வெள்ளை மை | வெள்ளை மை | எளிது |
| எனக்கு ஒரு பக்கம் | 4 நாள் | 3 நாள் | 4 நாள் | இரண்டரை நாள் |

எதை எடுத்தாலும் வரும் செலவுகள்

தாளில் வரைந்தால் ஸ்கேன் உண்டு. ஏ3 ஸ்கேனர் விலைக்கு நம்மால் முடியாது, ஏ4 ஸ்கேனரில் இரண்டு பாதியாக எடுத்து ஒட்டலாம், 600 டிபிஐயில் எடுங்கள், அதற்குக் கீழே வேண்டாம். தாள் நெளிந்திருந்தால் ஒட்டுகிற இடத்தில் நிழல் விழும், அதனால் முதல் நாள் ராத்திரியே கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிடுவேன்.

தாளைக் காப்பது தனி வேலை. வாங்கிய தாளும் முடித்த பக்கமும் பிளாஸ்டிக் உறைக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. மழை மாதங்களில் பீரோவின் அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று எரிகிறது, தாள் மேல்தட்டில், பல்பிலிருந்து நல்ல தூரத்தில். கணப்புச் சட்டி வைத்த அறையில் தாளைப் பரப்ப வேண்டாம், சாம்பல் பறந்து ஈர மையில் ஒட்டும்.

டேப்லெட்டில் பென்சில் வேலையை முடித்து, வெளிர்நீலத்தில் பிரிஸ்டல் போர்டில் அச்செடுத்து அதன் மேல் மை போடும் முறையும் உண்டு, அந்த 5 பக்கத்தை அப்படித்தான் செய்தேன். இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் ஈர பிரஷ் பட்டதும் நீலம் கரைந்து மையில் கலக்கலாம். லேசர் என்றால் டோனர் மேல் மை சில இடத்தில் ஒட்டாமல் விலகும். முதலில் ஒரு துண்டுத் தாளில் சோதித்துவிடுங்கள்.

எழுத்து வேலையைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கருவியானாலும். ஒரு விஷயம் மட்டும்: தமிழ்ச் சொல் நீளம். 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரு சொல்லுக்கே ஒரு முழு வரி வேண்டும், சொல்லை உடைத்து அடுத்த வரியில் போட்டால் படிக்கிறவர் தடுக்கி விழுவார். வசன பலூனுக்கு இடம் விடாமல் மை போட்டுவிட்டு அழகான பின்னணியை வெள்ளையால் மறைப்பது மாதிரி வேதனை வேறில்லை. பென்சில் நிலையிலேயே வசனத்தை எழுதிப் பார்த்து இடம் விடுங்கள்.

கலந்து போடலாமா

போடலாம், நானே போடுகிறேன். ஆனால் முதலில் ஒரு கருவி வீட்டுக்கு மூத்தவர் மாதிரி இருக்க வேண்டும். என் கதையில் அது பிரஷ். மனிதர்கள், இருட்டு, மலை எல்லாம் அதில். பேனல் ஓரமும் தொழிற்சாலையும் மைக்ரானில், அதுவும் பிரஷ் கோட்டின் சராசரித் தடிமனுக்குப் பக்கத்தில் வரும்படி 05லும் 08லும். வெயிலடிக்கும் நாளில் கூடைப்பின்னலுக்கும் முகச்சுருக்கத்துக்கும் நிப். ஈரத்தில் கெட்ட நான்கு போக மிச்ச நிப் பக்கங்கள் 18ஐ அப்படியே விட்டுவிட்டேன், அவை அப்பாயியின் சிறுவயது இலங்கைப் பகுதி, கோடு கொஞ்சம் மெலிந்து வேறாக இருப்பது அந்தக் காலத்துக்குப் பொருந்தி வந்துவிட்டது. மைக்ரான் பக்கங்களில்தான் முகங்களை மட்டும் பிரஷ்ஷால் மேலே தடித்துக்கொண்டு வருகிறேன்.

முடிவெடுக்கத் தவிப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். உங்கள் கதையிலேயே கஷ்டமான பக்கம் ஒன்றை எடுங்கள், முதல் பக்கத்தை எடுக்காதீர்கள், அதில் எல்லோருமே நன்றாக வரைந்துவிடுவோம். ஒரு கூட்டம், ஒரு முகம், ஒரு கட்டடம், ஓர் இருட்டு எல்லாம் இருக்கிற பக்கம். அதைக் கையிலுள்ள இரண்டு கருவியில் இரண்டு தரம் முழுதாக மை போடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பஜாரில் ஜெராக்ஸ் கடையில் இரண்டையும் 50 சதவீதம் குறைத்து எடுங்கள், இரண்டு பக்கத்துக்கும் பத்து, இருபது ரூபாய்தான் ஆகும். ஒரு வாரம் பார்க்காமல் வைத்துவிட்டு, அப்புறம் கதையே தெரியாத யாரிடமாவது கொடுத்து எது தெளிவாகத் தெரிகிறது என்று கேளுங்கள்.

கூடலூர்த் தங்கைக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் கதை 24 பக்கம், முழுக்க உன் அம்மாவும் அவர்களுடைய தையல் மெஷினும். உன்னிடம் மைக்ரான் 03உம் 08உம் இருக்கின்றன, அதிலேயே போடு. கறுப்பு நிரப்ப மட்டும் ஒரு 3ஆம் எண் பிரஷ்ஷும் ஒரு புட்டி டிராயிங் இங்க்கும் வாங்கிக்கொள், பேனாவால் நிரப்பினால் பேனாவும் போகும், தாளும் சொரசொரத்துவிடும். இப்போது ஏப்ரல் முதல் வாரம். உங்கள் பக்கம் தேவாலா, பந்தலூர் வழியாக மழை எங்களுக்கு முன்பே வந்து எங்களைவிட அதிகமாகப் பெய்யும். இரண்டு நாளைக்கு ஒரு பக்கம் என்றால்கூட மே கடைசிக்குள் முடிந்துவிடும். ஸ்கேனையும் எழுத்து வேலையையும் ஜூனுக்கு வைத்துக்கொள், ஸ்கேன் செய்ய இங்கே என் வீட்டுக்கே எடுத்து வா, தாளை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டு வா.